கரிப் பொருத்தம்

எந்தக் கருவியைக் கண்டுபிடித்தாலும் சரி, நம் ஊரில் அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் கல்யாணப் பேச்சில் வந்துதான் நிற்கும். ராக்கெட் விடுகிற கணக்கை வைத்துக்கொண்டு முகூர்த்தம் குறித்தவர்கள் நாம். கரிமானி மட்டும் தப்பித்துவிடும் என்று அல்லி நம்பியதுதான் தப்பு. அவள் அதைச் செய்தது வேறொரு கேள்விக்காக.

அந்தக் கேள்வி பழையது. பூமி சூடாகிக்கொண்டே போகிறதே, அதில் தானாக வந்த சூடு எவ்வளவு, நாம் மூட்டிய சூடு எவ்வளவு? விஞ்ஞானிகளுக்கு இதில் சந்தேகம் தீர்ந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஊருக்குத்தான் தீரவில்லை. வரைபடத்தைக் காட்டினால் ஊர் கொட்டாவி விட்டது. தொட்டுப் பார்க்கிற மாதிரி எதையாவது காட்டினால் நம்புவார்கள் என்று அல்லி நினைத்தாள். கடலூரில் தன் ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, மாவரைக்கும் கிரைண்டர் அளவில் ஒரு பெட்டியைச் செய்து முடித்தாள், அதுதான் கரிமானி. ஒரு நெல்மணி, ஒரு இலை, ஒரு தலைமுடி, எதைப் போட்டாலும் அதிலுள்ள கரி, அதாவது கார்பன், எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும். செடிகொடிகளுக்குள் காலங்காலமாகச் சுற்றிவரும் புதுக்கரி எவ்வளவு, பூமிக்கடியிலிருந்து தோண்டி எரித்த பழங்கரி எவ்வளவு என்று சதவீதத்தில் காட்டும். கொஞ்சம் பொறுத்தால், அந்தப் பழங்கரி எந்தச் சுரங்கத்துச் சரக்கு என்பதையும் சொல்லிவிடும்.

மனித உடம்புக்குள் நிலக்கரி எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு அல்லி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "செடி காத்தைச் சாப்பிடுது. நாம செடியைச் சாப்பிடுறோம். புகைக்கூண்டு வழியா மேல போனது சோத்து வழியா உள்ள வருது."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். யோசித்ததன் பலன் வேறு விதமாக விளைந்தது.

வெயில் தாங்காமல் வசதியுள்ளவர்கள் எல்லாம் மலையேறிவிட்ட காலம் அது. முகில்மலைவாசிகள் தங்களைப் பற்றி ஒருபடி உயர்வாகவே நினைப்பவர்கள். வண்டிப்புகை விடாதவர்கள், கண்ணாடிப் பசுமைக்குடிலில் விளைந்ததைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்காதவர்கள். கீழே பெண் எடுக்க வேண்டி வந்தால் ஜாதகத்தோடு கரி எண்ணையும், அதாவது பழங்கரிச் சதவீதத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள். எண் குறைந்தால் நல்ல குடும்பம், கூடினால் கரிக்குடும்பம். பெண்ணுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. பையன் எண்ணை யாரும் கேட்கவில்லை, பையனிடம் நாம் எதைத்தான் கேட்டிருக்கிறோம்.

காற்று ஊருக்கு ஊர் வேலி போட்டுக்கொண்டு நிற்பதில்லை என்று அல்லி தொலைக்காட்சியில் தொண்டை வறளப் பேசினாள். ஓரிடத்தில் விட்ட புகை ஓரிரு வருஷத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடும், அதனால் எல்லார் எண்ணும் பதினேழையொட்டித்தான் இருக்கும் என்றாள். ஜனங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதினேழு புள்ளி இரண்டுக்கும் பதினேழு புள்ளி நான்குக்கும் நடுவே குடும்ப கௌரவத்தைக் குடிவைத்தார்கள். எண் எப்படி வந்தாலும், பெண்ணுக்கு முந்திரிமேடு என்று தெரிந்தால் மலைக்காரர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர். அல்லி பிறந்த ஊரும் அதுதான்.

அவளுடைய தங்கை குழலிக்கு முகில்மலையிலிருந்து வரன் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, அவளே தேடிக்கொண்டாள். சுரங்கம் மூடிய பிறகு அந்தப் பெரிய குழியில் தண்ணீர் விட்டு ஏரியாக்கியிருந்தார்கள். குழலி அங்கே குடிநீர்ப் பொறியாளர். ஏரிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்க மலையிலிருந்து வந்தவன் நீலன். பறவைகள் போன பிறகும் அவன் வந்துகொண்டிருந்தான். பையனின் அம்மா வசுந்தரா நல்ல மாதிரிதான், ஆனால் முறை என்றால் முறை. கரி எண் பார்க்காமல் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டார். பார்ப்பதென்றால் அந்தப் பெட்டியைச் செய்தவளே பார்க்கட்டும், அக்காவாக இருந்தாலும் அந்தப் பெண் பொய் சொல்லாது என்று ஊரே சொல்கிறது என்றார். அல்லிக்கு அதில் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

குழலி ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. பையன் முடியையும் பார்க்க வேண்டும். மலைச் சரித்திரத்தில் இல்லாத நிபந்தனை. நீலன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து காட்டினான், அவன் அம்மா வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இதில் பெரிய வேடிக்கை அல்லி, குழலியின் அப்பா கலியமூர்த்தி செய்ததுதான். சுரங்கத்தில் பல்சக்கர இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு மாடி உயரத்துக்கு ஒரு சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள், மலையையே கரண்டியால் அள்ளுகிற மாதிரி அள்ளிப் போடும். அல்லியின் பெட்டியில் அவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் வரன் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து, எவனோ சொன்னான் என்று, தாமிரபரணிக் கரையிலிருந்து 'தூய அரிசி' வரவழைத்துக் குழலிக்கு மட்டும் தனியாகப் பொங்கிப் போட்டார். எண் இறங்குமாம். எங்கே விளைந்தாலும் காற்று ஒன்றுதான் என்று அல்லி எத்தனையோ முறை சொன்னாள். "சரி, ருசியாவது நல்லாருக்கும் விடு" என்றார்.

முடி எடுப்பதற்கு மலைக்காரர்கள் ஒரு சடங்கே வைத்திருந்தார்கள். பூ வைக்க வருகிற மாமியார், பெண்ணின் பின்னலில் மல்லிகையைச் சொருகும்போது பிடரியிலிருந்து நாலு முடியைக் கத்தரித்து வெள்ளிச் சிமிழில் போட்டுக்கொள்வார். வசுந்தராவும் அப்படியே செய்தார். கூடவே சீர்த்தட்டில் மலைக் குடைமிளகாயும் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் கோபுரமாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். நீலன் முடியைக் குழலியே கத்தரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டு சிமிழையும் அல்லியின் கையில் கொடுத்தபோது கலியமூர்த்தி வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். சுரங்கத்தில் நூறடி ஆழத்தில் முழு மரம் முழு மரமாகக் கிடந்ததைத் தான் கண்ணால் பார்த்தவர். பட்டை கலையாமல், கிளை முறியாமல், கரியாகிப்போன மரம். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்புக்காடு, வடதுருவத்தில்கூட ஐஸ் இல்லாத உலகம் என்று அல்லி படித்ததையே அவளிடம் திருப்பிச் சொல்வார். "அன்னிக்கு எவன் வண்டி ஓட்டினான்? எவன் கரி எரிச்சான்? பூமி அதுபாட்டுக்குச் சூடாகும், அதுபாட்டுக்குக் குளிரும். மனுஷன் கையில என்ன இருக்கு?"

அல்லி பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் அல்ல. ஒரு காலத்தில் வரிக்கு வரி பதில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எரிமலைகளும் கடலும் பூமியின் சாய்வும் சேர்ந்து லட்சக்கணக்கான வருஷத்தில் செய்ததை நாம் ஒரு நூறு, இருநூறு வருஷத்தில் செய்துவிட்டோம் என்பாள். சூரியன்தான் காரணமென்றால் வானத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும், ஆனால் கீழே சூடேற ஏற மேலே குளிர்ந்துகொண்டிருக்கிறது, கம்பளி போர்த்தியவனுக்கு உள்ளே வேர்த்து வெளியே சில்லென்று இருப்பதைப் போல என்பாள். எரிமலைக் கரியும் பழசுதான், ஆனால் அது செடிக்குள் போய் வந்ததல்ல, செடிக்குள் போய் வந்த கரிக்கு ஒரு தடம் உண்டு, காற்றில் கூடியிருப்பது அந்தத் தடமுள்ள கரி என்பாள். கலியமூர்த்தி அதையெல்லாம் ரசித்துக் கேட்டு எதிர்வாதம் செய்வார். அப்போது அது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஓடிய விளையாட்டு.

அம்மா இறந்த பிறகு அது விளையாட்டாக இல்லை. அஞ்சலை ஒரு மே மாதத்தில் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றாள். வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்துகொண்ட நாள். உடம்பில் வேர்த்த வேர்வை காயவே இல்லை. பையைக் கீழே வைத்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ஊரில் இன்னும் பலர் அப்படிப் போனார்கள். அந்த நேரத்தில் கலியமூர்த்தி பல்சக்கரத்தின் உச்சியில், குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து கரி வெட்டிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த வாரத்தில் அவர் மறுபடி அதே பேச்சை எடுத்தார், பூமி அதுபாட்டுக்குச் சூடாகும் என்று. அல்லி பழைய வேகத்தில் சொல்லிவிட்டாள். "இயற்கையா சாகறவங்களும் இருக்காங்கப்பா. அதுக்காகக் கொலையே நடக்கலன்னு ஆயிடுமா?" சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. அல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் வாதம் செய்யவில்லை, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருக்கிறார். சூடு தானாக வந்தது என்றால் அஞ்சலை தானாகப் போனாள். இல்லையென்றால், வெட்டிய கை அவருடையது. அன்றிலிருந்து அல்லி உலகத்துக்கெல்லாம் சொன்னதை வீட்டில் மட்டும் சொல்வதை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்தில் முதலில் குழலியின் முடியைப் போட்டாள். பதினேழு புள்ளி மூன்று. தாமிரபரணி அரிசியால் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. சராசரி மனுஷி. அடுத்து நீலன் முடியைப் போட்டுவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் நாற்பத்தொன்று.

பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். துடைத்து, சரிபார்த்து, தன் முடியைப் போட்டாள், பதினேழு. மறுபடி நீலன் முடி, நாற்பத்தொன்று. மனித உடம்பில் அவள் பார்த்திராத எண். சந்தேகம் வந்துவிட்டால் அல்லிக்குப் பசி தூக்கம் தெரியாது. என்னதான் சாப்பிடுகிறான் இந்தப் பையன், நிலக்கரியையே கடித்துத் தின்றாலும் உடம்பில் ஒட்டாதே என்று யோசித்துக்கொண்டே, சீர்த்தட்டிலிருந்து குழலி கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே முகில்மலைக் குடைமிளகாய். ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை நறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

ஐம்பத்தைந்து.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே நீலனை அழைத்து, பசுமைக்குடிலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான். "செடி சீக்கிரம் வளரணும்னு வாயு விடுவாங்கக்கா. பைப் வழியா கரியமில வாயு. அது விட்டாத்தான் தக்காளி இவ்ளோ பெருசா வரும்."

"வாயு எங்கேருந்து வருது?"

"டேங்கர் லாரியில வரும். எங்கேருந்துன்னு யாரும் கேட்டதில்லக்கா."

எங்கிருந்து என்பதைப் பெட்டி சொல்லும். அல்லி இரண்டாவது சோதனையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். காத்திருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சுரங்கத்தையொட்டி இருந்த அனல்மின் நிலையத்தின் கடைசிக் காலத்தில் புகையைக் காற்றில் விடாமல் பிடித்து, குளிரவைத்துப் பெரிய பெரிய தொட்டிகளில் அடைத்தார்கள். அந்த வாயு இன்னும் தீரவில்லை, வாரத்துக்கு இரண்டு லாரி எங்கேயோ போகிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மலையில் எல்லாருக்கும் தெரியாது. திரையில் எழுத்து வந்து நின்றது. முந்திரிமேடு.

சிரிப்பு போய்விட்டது. மலையில் சுத்தமாக வளர்ந்த பிள்ளையின் எலும்பிலும் ரத்தத்திலும் இருப்பது தன் அப்பா வெட்டிய கரி. இதைச் சபையில் சொன்னால் குழலியை இனி யாரும் ஒரு வார்த்தை குறை பேச முடியாது. ஆனால் தான் வெட்டிய கரி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது என்பதும் அப்பா பிடித்திருந்த கட்டைதான். இந்தக் கரி போன இடம் கண்ணெதிரே உயிரோடு நிற்கிறது. இது அங்கே போயிருந்தால், மற்றது அம்மாவைக் கொண்டுபோன வெயிலுக்குள் போயிருக்கிறது. சடங்குக்கு எண் போதும், ஊர்ப்பெயர் தேவையில்லை. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, கேட்டால் ஏதோ வாயு என்று மழுப்பிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள். பொய் சொல்லாது என்று பெயரெடுத்த பெண் ஒரு பாதிப் பொய்யோடு ஊருக்கு பஸ் ஏறினாள்.

சபை கலியமூர்த்தி வீட்டுக் கூடத்தில் கூடியது. அல்லி குழலியின் எண்ணைச் சொன்னாள். மலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கரிக்குழி ஊருக்கு இது எதிர்பாராத எண். கலியமூர்த்தி தாமிரபரணி அரிசியை நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு நீலன் எண்ணைச் சொன்னாள்.

வசுந்தரா எழுந்து போய், மகன் தலையிலிருந்து தானே ஒரு முடியைப் பிடுங்கினார். அல்லி கொண்டுவந்திருந்த, எண் மட்டும் காட்டும் சின்னக் கரிமானியில் போடச் சொன்னார். நாற்பத்தொன்று. இன்னொரு முடி, காதோரத்திலிருந்து. நாற்பத்தொன்று. நீலன் தலையைத் தேய்த்துக்கொண்டு, போதும்மா, மிச்சம் வையுங்க என்றான். குழலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அல்லி பசுமைக்குடில் வாயுவைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாக, இதில் யாருக்கும் அவமானமில்லை என்று அழுத்திச் சொன்னாள். வசுந்தராவின் முகம் சீர்த்தட்டின் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது. எங்கேயிருந்து வந்த வாயு என்று மலைக்காரர் ஒருவர் கேட்டார். ஏதோ ஆலைகளிலிருந்து பிடித்து வருவார்கள், பல இடம் என்றாள் அல்லி. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை அவளுக்கு.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலைக் கடந்து போகும் டேங்கர்களுக்கு வெகுகாலமாகக் கையசைத்துக்கொண்டிருப்பவர் அவர். டிரைவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்.

"அல்லி, உன் பெட்டி ஊர்ப்பேரும் சொல்லும்ல?"

"சொல்லும்பா."

"சொல்லுச்சா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நம்ம கரியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த ஒரு சொல் வரவில்லை. "ஆமாம்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், தெரிந்த விஷயத்தை யாரோ உறுதி செய்த மாதிரி. பிறகு எழுந்து, வந்தவர்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் இல்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது வசுந்தரா சமையலறைக்குள் வந்து, கதவைப் பாதி சாத்தினார். பாவம், அவர் முகத்தில் அதுவரை இருந்த மிடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. மலைக்குத் தெரிந்தால் அங்கே கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளெல்லாம் என்ன ஆவார்கள் என்றார். எல்லார் எண்ணும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றாள் அல்லி. வசுந்தரா குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அவன் ஒரு வருஷம் இங்கேயே இருந்து, நீங்க சாப்பிடறதையே சாப்பிட்டா எண் இறங்குமா?"

அல்லி சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இறங்கும், முடி வளர வளர இறங்கிவிடும் என்றாள். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருந்தது. அப்படியானால் கல்யாணத்தை முடித்து இங்கேயே விட்டுவிடுகிறேன், வெளியே கேட்டால் பறவை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் வசுந்தரா. இந்த ஊரில் பெண் எடுக்கவே தயங்கிய மலையிலிருந்து முதல்முறையாக ஒரு பையன் வீட்டோடு மாப்பிள்ளையாக முந்திரிமேட்டுக்கு இறங்கினான். குழலிக்கு வீடு மாறும் வேலைகூட மிச்சம்.

இரண்டு நாள் கழித்துக் கலியமூர்த்தி கடலூர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கே அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் மஞ்சள் துணிப்பை. அதிலிருந்து அஞ்சலையின் சவுரியை எடுத்து மேசைமேல் வைத்தார். சீவும்போது உதிர்ந்த முடியையெல்லாம் சேர்த்துவைத்து அவளே கட்டிய சவுரி. நுனியில் இன்னும் கறுப்புக் குஞ்சலம் இருந்தது.

"இதைப் போட்டுப் பாரு" என்றார்.

அல்லி பார்க்க வேண்டாம் என்றாள். எல்லார் உடம்பிலும் இருப்பதுதான் அம்மா உடம்பிலும் இருக்கும், இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு இழையைப் பிரித்துப் போட்டாள். பழங்கரி பதினாறு. சுரங்க வாரியாக வந்தபோது உலகத்தில் உள்ள கரிக்குழி, எண்ணெய்க்கிணறு அத்தனையும் வரிசையாக வந்தது. முந்திரிமேட்டின் பெயர் எங்கோ அடியில், பெட்டியின் கண்ணுக்கே தட்டுப்படுமா படாதா என்கிற அளவில் இருந்தது. அல்லிக்கு மூச்சு வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கப்பா. உங்க கரி இதுல கடுகளவுகூட இல்ல. அந்த வெயில்லயும் அவ்வளவுதான் இருக்கும். நீங்க தனியாச் செஞ்சது எதுவுமில்ல."

அவர் அந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். தெரியாத தேசத்துச் சுரங்கப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்துவிட்டுச் சவுரியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இத்தனை பேர் இருக்கு. ஒவ்வொரு குழியிலயும் என்னை மாதிரி ஒருத்தன் நின்னுக்கிட்டு, எங்களுது கடுகளவுதான்னு சொல்லியிருப்பான்ல?"

இத்தனை வருஷம் அல்லி அவரிடம் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அவரே சொல்லி முடித்துவிட்டார். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, அழற அளவுக்கு ஒண்ணுமில்ல, எனக்கு எப்பவோ தெரியும், உன் வாயால கேக்கத்தான் பயமா இருந்துச்சு என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, அந்தப் பையன் எப்போது வருகிறான் என்று விசாரித்தார்.

கல்யாணம் முடிந்து நீலன் வந்து சேர்ந்த வாரத்திலேயே அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுரங்கம் மூடிய பிறகு கலியமூர்த்தி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அல்லியும் குழலியும் பின்னால் நடந்தார்கள். தண்ணீர் நீலமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. நீலன் பழக்கதோஷத்தில் நாரைகளை எண்ண ஆரம்பித்தான். கலியமூர்த்தி நடு ஏரியைக் கைநீட்டிக் காட்டினார்.

"அங்கதான் மாப்ள. தண்ணிக்கு அடியில, அந்தக் காடு இருந்த இடம். நான்தான் வெட்டினேன். உன்னை வளர்த்தது அதுதான். உன் அத்தையைக் கொண்டுபோனதும் அதுதான்."

நீலன் எண்ணுவதை நிறுத்தினான். பிறகு, எவ்வளவு ஆழத்தில் மாமா என்று கேட்டான், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. கலியமூர்த்தி சொல்ல ஆரம்பித்தார். மேலே செம்மண், அதன் கீழே மணல், அதற்கும் கீழே தண்ணீர் ஊற்று, பிறகு பட்டை கலையாத அந்த மரங்கள். கேட்டவன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். எந்த வகை மரம், அதில் பறவை இருந்திருக்குமா, இலை ஏதாவது பார்த்தீர்களா என்றான். வெகுநாள் கழித்து அப்பா ஒருவரிடம் வாதம் செய்யாமல் பேசிக்கொண்டிருந்ததை அல்லி கவனித்தாள்.

கரைச்சரிவு செங்குத்தாக இருந்தது. இறங்கும்போது அவருக்குக் கால் தடுமாற, நீலன் கையை நீட்டினான். அவர் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் தன் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அல்லிக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை.